உறை என்று தொடங்கும் சொற்கள்

இரவு பதினொன்றே காலுக்கு டாக்டர் ஹெப்சிபாவின் குரல்,
முகக்கவசம் இரண்டைத் தாண்டி வருவதால்
கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல:
"பதினாலாம் படுக்கை. மேல்விஷாரம்.
தோல் கிடங்கில் கணக்கெழுதுபவர்.
டி-டைமர் காலையில் இருந்ததைப் போல் மூன்று மடங்கு.
ஹெபாரின் வழக்கமான அளவா, முழு அளவா?
யாராவது எழுதியிருக்கிறார்களா, பாருங்கள்."

பார்ப்பதுதான் என் வேலை.
ஊசி பிடித்ததில்லை. நாடி தொட்டதில்லை.
மருத்துவ நூலகத்தில் பதினேழு வருடமாகச்
சொற்களைத் தேடித் தருகிறேன்.
இப்போது நூலகம் பூட்டியிருக்கிறது.
சத்துவாச்சாரியில் என் சமையல் மேடை மேல்
மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் பால்.

தேடலுக்கு மூன்றே இடைச்சொற்கள்:
மற்றும். அல்லது. தவிர.
கொரோனா அல்லது அதன் மற்ற பெயர்கள்
மற்றும் நாளம் அல்லது நுரையீரல்
மற்றும் உறைவு.
அதற்கு ஒரு தந்திரம் உண்டு:
சொல்லின் வாலை வெட்டி அங்கே ஒரு நட்சத்திரம் வைத்தால்
அந்த வேரில் முளைத்ததெல்லாம் வந்து நிற்கும்.

இங்கிலீஷில் வெட்டிக்கொண்டிருந்த விரல்
தமிழில் வெட்டினால் என்ன வரும் என்று
ஒரு கணம் நின்றது.
உறை*
உறைதல். உறைபனி. உறைவிடம்.
ஹெப்சிபாவின் விரல்கள் ஆறு மணி நேரமாக ஊறும் உறை.
தலையணைக்கு உறை. கிணற்றுக்குள் இறக்கும் உறை.
பாலில் ஊற்றும் உறைமோர்.
கோட்டைக்குள் கதவு சாத்தி உறைகிறார் ஜலகண்டேஸ்வரர்.
குடியிருப்பதற்கும் கட்டிப்போவதற்கும்
ஒரே சொல்லை யார் வைத்தது?

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
போன வாரம் மூவாயிரம்தான்.
எலிகளைத் தவிர. குழந்தைகளைத் தவிர.
ஒரே ஆளைப் பற்றி எழுதியவற்றைத் தவிர.
அதைச் சொடுக்கும்போது மட்டும் கூசும்.
பதினாலாம் படுக்கையில் இருப்பதும் ஒரே ஆள்தான்.

மிஞ்சியது முப்பத்தொன்று.
ஒன்று, முழு அளவு கொடு என்கிறது.
ஒன்று, கொடுத்தோம், மூளையில் கசிந்தது என்கிறது.
ஒன்றின் தலையிலேயே மஞ்சள் பட்டை:
இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை.
எல்லாத் தாள்களின் கடைசி வரியும் ஒன்று,
மேலும் ஆய்வுகள் தேவை.
காட்பாடிப் பக்கமிருந்து ஓர் ஆம்புலன்ஸ்
சைரன் இல்லாமல் போகிறது.
வழியில் யாருமில்லை, எதற்குச் சைரன்.

ஒன்றரைக்கு மறுபடியும் டாக்டர்.
"இன்னொரு கேள்வி. மகன் கேட்கிறான்,
இந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று."
அதற்குத் தேட வேண்டியதில்லை.
பன்றிக் குடல்.
இரண்டு பேரும் ஃபோனில் சும்மா இருந்தோம்.
மாற்று உண்டா என்று பார்த்தேன். உண்டு,
அவருடைய சிறுநீரகத்துக்கு ஆகாது.

மதம் மற்றும் ஹெபாரின் என்று நான் தட்டி முடிப்பதற்குள்
அந்தப் பையன் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை
தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டுவிட்டான்.
"உயிர் போற இடத்துல இது ஒரு கேள்வியாப்பா?
போடச் சொல்லு. ஃபஜ்ருக்கு முன்னாடி போடச் சொல்லு."

முப்பத்தொரு தாளில் ஒன்றுகூட
அப்படி ஒரு வாக்கியம் எழுதவில்லை.

இரண்டு நாற்பதுக்கு நான் அனுப்பியது அரைப் பக்கம்.
வார்டில் இருப்பவருக்குப் பயன் இருக்கலாம்.
வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை.
கசிவைக் கவனிக்கவும். சான்று: வலுவற்றது.
வலுவற்றது என்பதை அழித்து மிதமானது என்று எழுதினேன்.
அதை அழித்து வலுவற்றது என்றே எழுதினேன்.
அவர் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அந்தச் சொல் அழிந்தே போயிருக்கும்.

விடியும்போது பாத்திரத்தைத் திறந்தேன்.
உறை ஊற்ற மறந்திருக்கிறேன்.
வேலூர் மே மாத வெக்கைக்குத் திரிந்திருக்க வேண்டும்,
பாலாகவே இருந்தது.
காபிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தால்
"போட்டாச்சு. ஆறு மணிக்கு அடுத்த ரத்தம்."
மணி ஐந்து ஐம்பது.